சருகுமான் தும்மினால் தண்ணீர் குடிக்கலாமா?

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் மகேஸ்வரன் அவர்களே. இந்தக் கிழவனைப் பேச அழைக்கலாமா வேண்டாமா என்று வாரக்கணக்கில் யோசித்து, கடைசியில் மனம் இளகிய தலைமையாசிரியை தனலெட்சுமி அவர்களே. முன்வரிசையில் முதுகுவலியோடு வீற்றிருக்கும் என் வயதுப் பெரியோர்களே. மடியில் பிள்ளையும் கையில் கைப்பேசியுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே. பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் இரவு வேலை முடித்து நேரே இங்கு வந்து கடைசி வரிசையில் கண்ணயர்ந்திருக்கும் தந்தைமார்களே. பொந்தியானில் இந்தச் சின்னஞ்சிறு தமிழ்ப்பள்ளி இன்னும் திறந்திருப்பதற்கு ஒரே காரணமான மாணவச் செல்வங்களே. உங்கள் அனைவருக்கும் இந்த அர்ச்சுனனின் வணக்கம்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும். வணக்கம் சொல்லும் நேரம் பேச்சு நேரத்தில் சேராது என்பது என் நெடுநாள் கொள்கை. அந்தக் கொள்கையால் நம் பள்ளி எதை இழந்தது என்று ஊரே பேசுகிறது. சந்தையில் பேசுகிறார்கள், சாப்பாட்டுக் கடையில் பேசுகிறார்கள், சவ ஊர்வலத்தில்கூடப் பேசுகிறார்கள். எல்லாரும் பேசியாயிற்று. பேசுவதையே பிழைப்பாகக் கொண்ட நான் பேசவேண்டாமா?

'பட்டென்று சொல்' என்றொரு தொலைக்காட்சிப் போட்டி. பிள்ளைகளுக்கான அறிவுப் போட்டி. அதை நடத்துவது மனிதரல்ல. சுட்டிமான் என்ற சருகுமான். நீலக் கழுத்துப்பட்டை கட்டிய கேலிச்சித்திரச் சருகுமான். பெரிய திரையில் தோன்றும், துள்ளும், கேள்வி கேட்கும், கண்ணடிக்கும். அதற்குப் பின்னால் எங்கோ ஓர் ஆள் உட்கார்ந்து பேசுகிறாராம். நான் நம்பவில்லை. அந்த மானுக்கு என்மேல் தனிப்பட்ட பகை இருந்தது.

அதில் குடும்பச் சுற்று வந்தது. பள்ளிக்கு ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளையின் வீட்டிலிருந்து ஒரு பெரியவர். நம் பள்ளியின் சார்பில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் பேத்தி லோஷினி. பெரியவர் யார்? வேறு யார் இருக்கிறார்கள்? மூன்றாம் வகுப்போடு நின்றாலும், மீன் மடித்து வந்த நாளிதழைக்கூட உலர்த்திப் படித்து முன்னேறிய நான்தான்.

பரிசு என்ன தெரியுமா? வெல்கின்ற பள்ளிக்கு அந்தச் சுட்டிமானே வரும். திரையும் விளக்கும் கொண்டுவந்து, இதே மண்டபத்தில் ஒரு நாள் நிகழ்ச்சியைப் பதிவு செய்வார்கள். நாடே பார்க்கும். நம் பள்ளிக்கு அது ஏன் வேண்டும்? அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டு வகுப்புக்கு இதுவரை ஒரே ஒரு பிள்ளைதான் பதிந்திருக்கிறது. அதுவும் என் கடைசிப் பேரன். அவனும் என் மிரட்டலுக்குப் பயந்துதான் சேர்கிறான். மான் வந்தால் பிள்ளைகள் வருவார்கள் என்று லோஷினி நம்பினாள்.

ஜொகூர் பாருவில் படப்பிடிப்புக் கூடம். உள்ளே குளிரென்றால் குளிர், பல் தந்தியடிக்கும் குளிர். எதிரணி, பத்து பாகாட் ஊர்ப் பள்ளி. பேத்தி யுவனேஸ்வரி, தாத்தா கண்ணப்பன். துணிக்கடை நடத்தி ஓய்ந்தவர். மனிதர் ஒரு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். பேச்சுக்கும் கணக்குப் பார்க்கும் கை.

போட்டி விதி எளிது. பிள்ளைக்கு ஒரு கேள்வி, பெரியவருக்கு ஒரு கேள்வி என்று மாறி மாறி வரும். பத்து வினாடிக்குள் பதில். பாதி நேரம் போனதும் சுட்டிமான் ஒருமுறை தும்மும். நேரம் முடிந்ததும் மறுமுறை தும்மும்; பிறகு கேள்வி எதிரணிக்குப் போகும்.

தாய்மார்களே, நீங்கள் சொல்லுங்கள். ஒரு நல்ல காரியத்துக்கு வாய் திறக்கும்போது ஒருவர் தும்மினால் என்ன செய்வோம்? அப்படிச் சொல்லுங்கள், சரியாகச் சொன்னார் கிருஷ்ணம்மா. உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, பிறகு முதலிலிருந்து தொடங்குவோம். நான் அதைத்தான் செய்தேன்.

முதல் கேள்வி: நம் நாட்டின் தேசிய மலர் எது? எழுந்தேன். "இந்த அரங்கின் தலைவர் சுட்டிமான் அவர்களே, எதிரணிப் பெரியவர் கண்ணப்பன் அவர்களே, விளக்குப் பிடிக்கும் தம்பிமார்களே" என்று தொடங்கினேன். தும்மியது. உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். எழுந்தேன். "இந்த அரங்கின் தலைவர் சுட்டிமான் அவர்களே" என்றேன். மறுபடி தும்மியது. கண்ணப்பன் இருந்த இடத்தில் இருந்தபடியே "செம்பருத்தி" என்றார். மணி அடித்தது, மத்தாப்பு வெடித்தது, மான் குட்டிக்கரணம் போட்டது.

எனக்குத் தெரியாதா செம்பருத்தி? செம்பருத்தியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேனே. அதுதான் பிரச்சினை என்கிறார் தலைவர். சரி, ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டேன்.

லோஷினி என் சட்டையை இழுத்தாள். "தாத்தா, பதில மட்டும் சொல்லுங்க லா. வணக்கம்லாம் மானுக்கு வேணாம்."

"சபைன்னு ஒன்னு இருக்கும்மா. மொட்டையா பேசக்கூடாது."

"அது நெஜமா தும்மல தாத்தா. அது பெல்லு மாதிரி."

"தும்மல்னா தும்மல்தான்."

இடைவேளையில் தயாரிப்பாளர் ரூபேந்திரன் வந்தார். இளைஞர், பணிவானவர். "ஐயா, அது அனிமேஷன். கம்ப்யூட்டர்ல பண்ற சத்தம்" என்றார். "கம்ப்யூட்டருக்குச் சளி புடிச்சா மருந்து குடுங்க தம்பி. பெரியவங்க பேசறப்போ தும்ம விடாதீங்க" என்றேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு போனார். கண்ணப்பன் மட்டும் அன்று முதன்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார். "அர்ச்சுனன், தண்ணி போதுமா, என் போத்தலும் வேணுமா?" அந்த ஆளின் போத்தலையும் வாங்கிக் குடித்தேன். வீம்புக்குக் குடித்தேன்.

கேள்விகள் வந்தன. தும்மல்கள் வந்தன. நான் குடித்தேன். என் புள்ளிப் பலகையில் வட்டமான ஒரு சுழியம், வாணலியில் விட்ட வடைபோல அசையாமல் கிடந்தது. ஆனால் லோஷினி? கேட்டதெல்லாம் சொன்னாள். கோள் கேட்டால் சொன்னாள், கூட்டல் கேட்டால் சொன்னாள், குறள் கேட்டால் சொன்னாள். கூடுதல் புள்ளிக் கேள்விகள் அத்தனையும் அவளே வென்றாள். கடைசிக் கேள்விக்கு முன் இரண்டு அணியும் சமம். கடைசிக் கேள்வி யாருக்கு? நம் அணியின் பெரியவருக்கு.

அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. இந்த ஒரு முறை வணக்கம் வேண்டாம், வெறும் பதில் போதும் என்று முடிவு செய்தேன். ஆனால் பெரியோர்களே, உள்ளே போன தண்ணீர் உள்ளேயே இருக்குமா? அந்தக் குளிரில், இந்த வயதில்? விளம்பர இடைவேளையில் ஓடினேன். கூடத்தின் கோடியில் கழிப்பறை. நான் உள்ளே இருக்கும்போது ஒலிபெருக்கியில் சுட்டிமானின் குரல் கேட்கிறது: "வலை பின்னி இரை பிடிக்கும் எட்டுக்கால் உயிர் எது? தாத்தா எங்கே, தாத்தா எங்கே?"

"சிலந்தி" என்று கத்தினேன். கதவு அதிரக் கத்தினேன். வாழ்நாளில் முதன்முறையாக, முன்னுரை இல்லாமல், முகமன் இல்லாமல், பட்டென்று சொன்னேன். மேடையில் வராத சிக்கனம் எனக்குக் கழிப்பறையில் வந்தது. பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்தவர் தாவிக் குதித்து, சுவரெல்லாம் தேடினார்.

மான் தும்மியது. மறுபடியும் தும்மியது. கண்ணப்பன் "சிலந்தி" என்றார்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நானும் சிரிப்பேன் என்றுதான் நினைத்தேன். காரில் ஏறும்வரை ரூபேந்திரனைத் திட்டினேன், மானைத் திட்டினேன், குளிரூட்டியைத் திட்டினேன். ஸ்கூடாய் தாண்டியதும் லோஷினி கேட்டாள்:

"தாத்தா, மான் இனிமே வராதுல்ல. நாங்க ஆறாம் ஆண்டு முடிச்சிட்டுப் போயிட்டா, நம்ம ஸ்கூல்ல யாரு இருப்பா?"

தோழர்களே, அந்தக் கேள்விக்கு யாரும் தும்மவில்லை. யாரும் மணி அடிக்கவில்லை. பொந்தியான் வந்து சேரும்வரை எனக்கு நேரம் இருந்தது. பதில்தான் இல்லை.

இன்று பதிலோடு வந்திருக்கிறேன். மானுக்குப் பத்து பாகாட் போகத் தெரிந்தது, போகட்டும். அங்கே வகுப்புகள் நிரம்பி வழிகின்றன, வழியட்டும். பள்ளிக்கு உயிர் கொடுப்பது திரையில் துள்ளும் மானா, தெருவில் துள்ளும் உங்கள் மகளா? கணினி வரைந்த கால்களா, காலணி மாட்டிய உங்கள் மகனின் கால்களா? நம் பிள்ளைகள் நம் பள்ளிக்கு வர, நாம் ஒரு சருகுமானின் சம்மதம் கேட்கவேண்டுமா?

என்ன? வேன் இல்லையா? சுகுமாறனின் வேன் உங்கள் தாமான் குடியிருப்பு வாசலுக்கே வரும், பேசிவிட்டேன். விடியுமுன் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறீர்களா? காலையில் பிள்ளையை வண்டியில் ஏற்றிவிட நான் வருகிறேன். வழியில் பேசமாட்டேன். முயற்சி செய்கிறேன்.

வீட்டுக்குப் போய்ப் பதிகிறோம் என்கிறீர்கள். வீட்டுக்குப் போனால் சோறு இருக்கும், தொடர் இருக்கும், தூக்கம் இருக்கும். பதிவு இருக்காது. எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. ஆசிரியை மலர் அங்கே ஓரத்து மேசையில் அமர்ந்திருக்கிறார். கல்வி அமைச்சின் இணையப் பக்கத்தை அவரே திறந்து காட்டுவார். இப்போதே எழுந்திருங்கள். இல்லையென்றால் என்ன செய்வேன் தெரியுமா? பேசுவேன். என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். செம்பருத்தியில் தொடங்கிச் சிலந்தி வரைக்கும் பேசுவேன். விளக்கை அணைத்தாலும் பேசுவேன், ஒலிவாங்கியைப் பிடுங்கினாலும் பேசுவேன். சங்கத்திலிருந்து நீக்கினாலும், உறுப்பினர் அல்லாதவர் என்ற முறையில் பேசுவேன். இந்த மண்டபத்திலிருந்து ஒரு புதுப் பிள்ளையின் பெயர் பதியும்வரை நான் இறங்கமாட்டேன்.

யாரது, கடைசி வரிசையில்? சின்னத்தம்பியா? தூக்கம் கலைந்துவிட்டதா?

"ஐயா, நான் இப்பவே பதிஞ்சிடுறேன். நீங்க தயவுசெஞ்சு உக்காருங்க."

உட்காருகிறேன் சின்னத்தம்பி, உட்காருகிறேன். முதலில் பிள்ளையின் பெயரைச் சொல். இன்னும் சத்தமாகச் சொல்லப்பா, என் பேத்திக்குக் கேட்கவேண்டும். தாரணி. நல்ல பெயர். உனக்குப் பின்னால் இரண்டு தாய்மார்களும் எழுகிறார்கள். மலர், மேசையைச் சற்று முன்னே இழுத்துப் போடும்மா.

பொறுத்துக்கொண்ட தலைவருக்கு நன்றி, சிரித்த பெரியோர்க்கு நன்றி, எழுந்த தாய்மார்க்கு இருமடங்கு நன்றி. நிறைவாக, முதலாம் ஆண்டு மாணவி தாரணி அவர்களே, வருக, வணக்கம்.