மூத்தாளின் பாஸ்வேர்டு

கரண்ட் வருகிற வரைக்கும் சொல்கிறேன். முதலில் அந்த லேப்டாப்பை மூடு, மூஞ்சியில் வெளிச்சம் அடிக்கிறது.

சாயங்காலம் ஆறரை மணி. விடாத மழை. ஊரைத் தாண்டிப் போகிற ஒற்றைச் சாலை... அதன் கடைசியில் ஒரே ஒரு வீடு. கீழே தச்சுப் பட்டறை, மேலே குடித்தனம். அன்றைக்கு அங்கே தனியாக இருந்தவள் என் சிநேகிதியின் அக்கா. நம்மைப் போல வெப்சைட் செய்கிறவள்தான். பட்டறைக்காரருக்கு இரண்டாம் தாரமாகப் போனவள். அதற்கு நான்கு வருடம் முன்னாலேயே மூத்தாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். இவள் அவள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் இவள் குட்டையாக, உருண்டையாக இருப்பாளாம். அப்பா மட்டும் 'பட்டாணி' என்று கூப்பிடுவார். அவர் போனதோடு அந்தப் பெயரும் போயிற்று. கட்டிக்கொண்டவரிடம்கூட இவள் அதைச் சொன்னதில்லை. கிண்டல் பண்ணுவாரே என்ற வெட்கம்.

பட்டறையின் வெப்சைட் மூத்தாள் செய்தது. எந்தப் புது பிரவுசரில் திறந்தாலும் 'பாதுகாப்பானது அல்ல' என்று வரும். போனில் பார்த்தால் நாற்காலிப் படத்தின் மேல் கட்டில் படம் ஏறி நிற்கும். ஊருக்கெல்லாம் வெப்சைட் செய்கிறவளுக்கு எப்படி இருக்கும்?

"நான் புதுசா பண்ணித் தரேங்க."

"இருக்கட்டும்மா. அது பாட்டுக்கு ஓடுது. பாவம், அவ கையால பண்ணது."

பற்றிக்கொண்டு வந்தது இவளுக்கு. பொறாமைதான், வேறென்ன? உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் குடுமியைப் பிடிக்கலாம். செத்தவளிடம் எதைப் பிடிப்பது? அந்த வெப்சைட் இருக்கும்வரை அந்த வீட்டில் தான் விருந்தாளிதான் என்று இவளுக்குத் தோன்றிவிட்டது. அதை அழித்தே தீர வேண்டும்.

பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது... என்னடா சிரிப்பு? 'மறந்துவிட்டது' என்று அழுத்தினால் மெயில் செத்தவளுக்குப் போகும். நீ போய்த் திறந்து கொடு.

ஆனால் மூத்தாளின் பழைய கம்ப்யூட்டர் மாடி அறையில் இருந்தது. அதில் ஒரு பிரவுசர், வருடக்கணக்காக அப்டேட்டே பார்க்காதது. பாஸ்வேர்டு அதில் சேமித்து இருக்கும் என்று இவள் கணக்குப் போட்டாள். அந்த அறைக்குள் யாரையும் அவர் விடுவதில்லை. அன்றைக்கு அவர் மேசை ஒன்றைக் கொடுக்கப் போயிருந்தார்.

இவள் சாவியைத் தேடி எடுத்து, அறையைத் திறந்து அதை ஆன் செய்தாள். அதற்குள் இருக்கிற ஃபேன் 'கிர்ர்' என்று... நின்று... மறுபடி 'கிர்ர்'. பூட்டிக் கிடந்த அறை, ஆனால் அப்போதுதான் குளித்த தலைமுடியின் ஈர வாசனை. பிரவுசரின் தலையில் மஞ்சள் பட்டை: 'இது மிகவும் பழையது. உடனே புதுப்பிக்கவும்.' கீழே லாகின். கட்டத்துக்குள் கறுப்புப் புள்ளிகள்.

அப்படியே உள்ளே போய் அழித்திருக்கலாம். பொறாமை விடுமா? அவள் என்ன பாஸ்வேர்டு வைத்தாள் என்று தெரிந்தாக வேண்டும். புள்ளிகளை எண்ணினாள். வீட்டுக்காரர் பெயருக்குச் சரியாக வந்தது.

நாம் எல்லோரும் செய்கிற திருட்டுத்தனம்தான். ரைட் கிளிக், இன்ஸ்பெக்ட், 'பாஸ்வேர்டு' என்று இருக்கிற இடத்தில் 'டெக்ஸ்ட்' என்று மாற்றினால் புள்ளியெல்லாம் எழுத்தாகிவிடும். மாற்றினாள். என்டர்.

பட்டாணி.

ஆங்கில எழுத்தில்... அப்பா போட்ட பெயர்.

பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. ஃபேன் சத்தம் மட்டும் நிற்கவில்லை. கதவைக்கூடச் சாத்தாமல் கீழே ஓடி, பட்டறையில் மரத்தூளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். நல்ல வேளை, வண்டிச் சத்தம் கேட்டது. அவர் நனைந்துகொண்டே உள்ளே வந்தார். அப்பாடா என்று இவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அறைக்குள் போனதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஆமா, யாரும்மா அது பட்டாணி? நாலு நாளா கேக்கணும்னு நெனச்சு மறந்து போவுது. தூக்கத்துல என் கையப் புடிச்சுக்கிட்டு அழுவுறியே... 'பட்டாணி எப்பங்க போவா? நான் எங்க படுப்பேன்?'னு."