கார் கவர்

பெரிய மார்க்கெட்டில் பஸ் ஏறியதுமே மழை பிடித்துக்கொண்டது. எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அந்த அம்மா காலடியில் மீன் கூடையை வைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஸ்போர்ட்ஸ் கார் வெச்சிருக்கிறவரு பொண்டாட்டி போறா, எல்லாரும் பாத்துக்குங்க."

"மெதுவா பேசு மேரி. தெனம் ஓட்டினா அது தேஞ்சிடும்."

"என் முட்டி தேஞ்சிடுச்சே, அது தெரியலையா? பஸ் படி ஏற முடியலங்க. ஒரு நாள் அதுல கூட்டிக்கிட்டு வந்தா என்னா?"

"கடல் காத்துடி. உப்பு பட்டா பெயிண்ட் போயிடும்."

"எனக்கு மட்டும் உப்பு ஒத்துக்குமா?"

"ஞாயித்துக்கிழமை பூசைக்கு அதுலயே போலாம்."

"எந்த ஞாயித்துக்கிழமை? உள்ள எலி குடித்தனம் பண்ணுது. அதுங்களாவது சொகமா இருக்கட்டும்."

பஸ் கூரை ஒழுகி அந்த அம்மாவின் தலையில் சொட்டியது.

"காருக்கு இப்ப வாங்கினீங்களே மழை கவரு, அதையாவது பிரிச்சி என் மேல போடுங்க."

அவர் மடியிலிருந்த பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"புதுசு மேரி. நனைஞ்சிடும்."