மேலாளரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றியது தொடர்பாக

என் பெயரும் முகவரியும் மேலே எழுதப்பட்டுள்ளன. வயது அறுபத்தாறு. முதலில் அறுபத்திரண்டு என்று சொன்னேன். என் அடையாள அட்டையைப் பார்த்த அதிகாரி நிமிர்ந்து, "மறதி நோய் உங்களுக்கா, உங்க வீட்டம்மாவுக்கா?" என்று கேட்டார். என் மனைவிக்கு. நான் கணக்கில் மட்டும்தான் மோசம், அது பத்தாம் வகுப்பிலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன்.

என் மனைவிக்கு ஐந்து வருடமாக இந்த நோய். வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்தை வெளியூரில் இருக்கும் மகள் ஏற்பாடு செய்தாள். முதலில் வந்த பெண் மூன்று மாதம் இருந்தாள். என் மனைவி அவளைச் "சின்னவளே" என்று கூப்பிடுவாள். அந்தப் பெண் எதிரே உட்கார்ந்து தான் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அக்கா, உப்பு சரியா இருக்கா பாருங்க" என்பாள். என் மனைவி உப்புப் பார்க்கிற சாக்கில் முழுத் தட்டையும் முடித்துவிடுவாள்.

கடந்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவளுக்குப் பதில் வேறொரு பெண் வந்து நின்றாள். எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. என் மனைவி அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் போய் ஒண்டிக்கொண்டு கத்தினாள். புதுப் பெண் மேல் தப்பில்லை, அவளும் அழுதாள். அதன் பிறகு என் மனைவி தேநீரைத் தவிர எதையும் வாயில் வாங்கவில்லை. வியாழக்கிழமை காலை குளியலறை வாசலில் கால் துவண்டு உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு, தகவல் கேட்டு ஓடி வந்த மகளை அவளருகே இருக்கச் சொல்லிவிட்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன்.

பழைய பெண்ணையே அனுப்பும்படி மேலாளரிடம் கெஞ்சித்தான் கேட்டேன். அவர் கணினியில் இருந்து கண்ணை எடுக்காமல், "மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஆள மாத்துறது எங்க விதி சார். ரொம்ப ஒட்டிக்கிட்டா நீங்களே நேரா அவளை வேலைக்கு வெச்சுக்குவீங்க" என்றார். என் மனைவி நான்கு நாளாகச் சாப்பிடவில்லை என்றேன். "ஆள் மாறினா என்ன சார்? எல்லாருக்கும் ஒரே பயிற்சி, ஒரே சீருடை" என்றார்.

அதன் பிறகு நான் மேசைமேல் சாய்ந்து அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். டேப் சுற்றிய என் கண்ணாடியை அவர் முகத்தில் மாட்டினேன். "கண்ணாடி மாறினா என்ன சார்? எல்லாத்துக்கும் ரெண்டு வட்டம், ரெண்டு காலு. வேலையப் பாருங்க" என்றேன். அவர் எழுந்து தடுமாறி, தண்ணீர் கேனில் இடித்து விழுந்தார். நான் தள்ளவில்லை. தள்ளியிருந்தால் இன்னும் கொஞ்சம் தூரம் போய் விழுந்திருப்பார். அவருடைய கண்ணாடியை முழுசாக ஒப்படைத்துவிட்டேன். உடைந்தது என்னுடையது.

கீழே கிடந்தபடியே மேலாளர், "உங்க பொண்டாட்டிதானே? நீங்க ஊட்டிவிட்டா சாப்பிட மாட்டாங்களா?" என்று கேட்டார். நான் குனிந்து உடைந்த என் கண்ணாடியைப் பொறுக்கினேன். அதன் பிறகு காவலர் வந்தார். மன்னிப்புக் கேட்டால் புகாரைத் திரும்பப் பெறுவதாக மேலாளர் சொல்கிறார். அவர் அந்தப் பெண்ணை அனுப்பட்டும், காலில் விழுந்தே கேட்கிறேன்.

என் கண்ணாடி உடைந்துபோனதால் இதை அதிகாரி வாசிக்கக் கேட்டேன். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லியிருக்கிறேன் என்று கையெழுத்திடுகிறேன். மேலாளரின் கேள்விக்கு அங்கே நான் வாய்விட்டுச் சொல்லாததை மட்டும் இங்கே சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். தினமும் காலையில் அந்தப் பெண்தான் என்னைக் காட்டி, "அக்கா, இவர் உங்க வீட்டுக்காரர்" என்று என் மனைவியிடம் சொல்லுவாள். திங்கட்கிழமை முதல் சொல்ல ஆளில்லை. நானே சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவில்லை.

(கையொப்பம்)