பொம்மைக்கு வாய் வரைந்தவனின் தீர்மானம்

கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே அவைக்குத் தலைமை தாங்கும் பெருமதிப்புக்குரிய இரத்தினசிங்கம் ஐயா அவர்களே! இந்தப் பாலர் பாடசாலையைக் கண்ணாய்க் காக்கும் ஆசிரியை மெற்றில்டா அவர்களே! கொட்டாஞ்சேனை வெக்கையிலும் குறையாமல் கூடியிருக்கும் பெரியோர்களே! மடியில் மழலையும் மனத்தில் கவலையும் சுமக்கும் தாய்மார்களே! துறைமுகத்து எழுதுவினைஞன் கொன்ஸ்ரன்ரைனின் வணக்கமும் ஸலாமும் உங்களுக்கு உரித்தாகுக!

என் கையில் ஒரு தீர்மானம் இருக்கிறது. விளையாட்டு வகுப்பை நிறுத்துக, பயிற்சித்தாள் வகுப்பைத் தொடங்குக என்று நானே எழுதியது. முழங்க வந்தேன். இப்போது குழம்பி நிற்கிறேன்.

என் மகள் ரொஷேல் ஜனவரியில் முதலாம் வகுப்பு. ஆனா ஆவன்னா எழுதத் தெரியாது! மணலில் சோறு, மரக்கட்டையில் பேருந்து, மஞ்சள் துணியில் மாலை வெயில்! கேட்டால் விளையாட்டே பாடமான வோல்டோர்ப் முறை என்கிறார்கள். இதுவா படிப்பு? இதற்கா பள்ளி?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பெற்றோர் கூடிப் பள்ளியைத் துப்புரவாக்கும் சிரமதானம். அலமாரி துடைக்கப் போனேன். பன்னிரண்டு துணிப்பொம்மைகள். கண்ணில்லை, மூக்கில்லை, வாயில்லை! தைத்தவர் பாதியில் விட்டுவிட்டார் என்று எண்ணி, மார்க்கர் எடுத்துப் பன்னிரண்டுக்கும் காதுவரை சிரிப்பு வரைந்தேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், அன்று நானும் பெருமையில் சிரித்தவன்தான்.

திங்கட்கிழமை மகளைக் கொண்டுபோய் விட்டேன். மாளிகாவத்தை ரிம்ஸான் தம்பியின் நான்கு வயது மகள் நிம்றா, பொம்மையைப் பாயில் குப்புறப் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் மகள் இப்பிடிப் போட்டிருக்கிறீங்க?"

"அங்கிள், இவட உம்மா ஆஸ்பத்திரில. இவ அழணும். சிரிச்சிட்டே இருக்கா."

அவையோரே, நிம்றாவின் தாய் அப்போது ஐந்து நாளாக ஆஸ்பத்திரியில். இறைவன் கிருபையால் சுகமாகி இன்று முன்வரிசையில் இருக்கிறார். ஆசிரியை என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "வேணுமெண்டுதான் முகம் வைக்கேல்லை, மிஸ்டர் கொன்ஸ்ரன்ரைன். அழுகையோ சிரிப்போ, அதைப் பிள்ளை போடும்" என்றார்.

பின்வரிசை அண்ணன் "அப்ப எழுத்து?" என்கிறார். ஓம் அண்ணே, அதே கேள்விதான் எனக்கும். ஜனவரியில் ரொஷேல் பின்தங்கினால் யாரைக் கேட்பேன்? தெரியாது. விளையாட்டு எப்போது எழுத்தாகும்? தெரியாது. மூன்று கிழமையாக யோசித்தும் தெரியவில்லை! தெரிந்தது ஒன்றே ஒன்று. வீட்டில் எவரிடமும் சொல்லாத அழுகையை வைக்க அந்தப் பிள்ளை ஓரிடம் வைத்திருந்தாள். அந்த இடத்தை மார்க்கரால் அடைத்தவன் நான். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நிம்றா மகள், அங்கிளை மன்னியுங்கோ. குழம்பிய ஒரு தகப்பனைப் பொறுத்துக் கேட்ட பெரியோர்களே, தாய்மார்களே, நன்றி, வணக்கம். தலைவர் அவர்களே, தீர்மானத்தை வாக்குக்கு விடுங்கள். எதிர்ப்போரில் முதற் கை இதோ, என்னுடையது. எண்ணத் தொடங்குங்கள் ஐயா!