சந்தனம் பூசிய டாங்கிள்

காவல் நிலையத்தில் இதைச் சொல்லும்போது உடனிருந்தவர்கள்: எழுதிக்கொள்ளும் உதவி ஆய்வாளர், பெண் காவலர் ஒருவர், என் நாத்தனார் சங்கீதா. வேறு யாரும் இல்லை.

என் பெயர் தமயந்தி, வயது 41, கணவர் பெயர் குமரவேல், வடக்குத்து மாரியம்மன் கோயில் தெருவில் குடியிருந்து வீட்டைப் பார்த்து வருகிறேன். ஜெயராமன் என்பவரின் எடைமேடையில் லாரிகளுக்குக் கம்ப்யூட்டரில் எடை போடுகிறவர் என் கணவர். எடை போடும் சாஃப்ட்வேர், டாங்கிள் என்ற விரல் நீளச் சாவியைச் செருகினால்தான் திறக்கும்.

சென்ற ஆயுத பூஜைக்குப் படையல் வைக்க நானும் போயிருந்தேன். முதலாளி டாங்கிளை உருவி அதன் வாயிலேயே சந்தனத்தை அப்பினார். "ஈரம் படக்கூடாதுங்க" என்றார் என் கணவர். "கம்ப்யூட்டருக்கு மட்டும் வச்சா இது கோவிச்சிக்காதா? சாமி சந்தனம்பா, ஒண்ணும் ஆவாது" என்று சிரித்து, ஈரத்தோடு முதலாளியே செருகியதில் அது செத்துப்போனது. அதன் பிறகு, வேறு டாங்கிள் வாங்காமல், அது இருப்பதுபோல் கம்ப்யூட்டரை நம்பவைக்கும் எமுலேட்டரைப் போடச் சொன்னார். போட்டவர் என் கணவர்தான். அதை நான் மறைக்கவில்லை.

அதன் பிறகு போன மாதம் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. எமுலேட்டரை ஓடவைக்கும் டிரைவர் என்கிற புரோகிராம் பழைய விண்டோஸுக்கு எழுதியது, புதிய விண்டோஸ் அதை உள்ளே விடாது என்று என் கணவர் சொல்லியும், பாதுகாப்பை நிறுத்திவிட்டுப் போடச் சொன்னார் முதலாளி. சில நாள் ஓடியது. சம்பவத்தன்று விண்டோஸ் தானாக அப்டேட் ஆகி, திரை நீலமாக நின்றுவிட்டது. சாயங்காலம் கோயிலிலிருந்து திரும்பும் வழியில் நான் அங்கே போனபோது எடை போட முடியாமல் லாரிகள் ரோடு வரைக்கும் நின்றன.

"இருட்டிக்கினு வருதுங்க, லாரிய திருப்பி அனுப்பிடலாம்" என்றார் என் கணவர்.

"வந்த வண்டிய எவனாவது அனுப்புவானா? ரோட்டுலயே நிக்கட்டும், நீ அத்த சரிபண்ணு" என்றார் முதலாளி.

அதன் பிறகு, ஷிஃப்ட்டுக்கு நேரமாகிப் போய்க்கொண்டிருந்த மைன்ஸ் கான்ட்ராக்ட் தொழிலாளி இளம்பரிதி, விளக்கில்லாமல் நின்ற கடைசி லாரியின் பின்னால் பைக்கோடு மோதினார். தண்ணீர் கொண்டு ஓடினேன். வாயில் ஊற்றியது அப்படியே வழிந்தது.

மறுநாள் முதலாளி, டாங்கிளைத் திருடிக்கொண்டு எடைமேடையை முடக்கியது என் கணவர் என்று புகார் கொடுத்து, போலீஸ் அவரைப் பிடித்துப்போனதும் எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஆமாம்னு ஒரு வார்த்த சொல்லும்மா, நானே அவன வெளிய எடுத்துடறேன்." "பொய் சொல்லிட்டு நான் எப்படிங்க சாமிக்கு வெளக்கேத்துறது?" என்று கதவைச் சாத்தினேன்.

எழுதியதை நானே வாசித்துப் பார்த்தேன். கண்டதும் கேட்டதும் இவ்வளவுதான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எமுலேட்டர் போட்டதற்கு என் கணவருக்கு என்ன தண்டனை, இளம்பரிதியின் சாவும் அவர் தலையில்தானா என்று சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.

(ஒப்பம்) கு. தமயந்தி