மெரூன் லைனிங்

பழைய கோட்டு வாங்கும்போது முதலில் தோளைப் பார்க்க வேண்டும், ஐயா. நிறத்தையும் பொத்தானையும் பார்த்து மயங்குகிறவர்கள்தான் அதிகம். இடுப்பு தொளதொளவென்று இருந்தால் பிடித்துவிடலாம். கை நீளமென்றால் குறைக்கலாம். தோள் பொருந்தவில்லை என்றால் மொத்தத்தையும் பிரித்துத்தான் தைக்க வேண்டும். அந்தப் பாடு படுவதற்குப் புதிதே தைத்துவிடலாம். விருதுநகரில் இருபத்தாறு வருஷமாகப் பழைய கோட்டு சூட்டுகளை மூட்டையாக வாங்கி, ஆளுக்குத் தகுந்தபடி திருத்தி விற்கிறேன். திருத்தத் தேறாததை யார் தலையிலும் கட்டியதில்லை. காசிராஜன் கடை என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

துணி என்னவென்று தெரிய, உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவேன். கம்பளி என்றால் முடி பொசுங்குகிற வாடை வரும். பருத்தி சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக நிற்கும். என் மகள் கீர்த்திகாவுக்கும் இதைக் கற்றுக்கொடுத்திருந்தேன். கல்லூரி முடித்து இரண்டு வருஷமாக அவள்தான் கடையில் மூட்டை பிரிப்பாள்.

பாண்டிராஜ் சித்திரை மாதம் கடைக்கு வந்தான். ஆமத்தூர்க்காரன். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் வேலை. அவன் அப்பன், பாட்டன் எல்லாம் எங்கள் ஆட்களின் காட்டில் கூலிக்கு நின்றவர்கள். கீர்த்திகா அவனைப் பற்றி முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள்.

"ஓடிப்போயிக் கட்டிக்கணும்னு நாங்க நினைக்கல அண்ணாச்சி. நீங்க மனசு வச்சு நடத்திக் கொடுங்க" என்றான்.

கையைக் கட்டிக்கொள்ளவில்லை. நேராகப் பார்த்துத்தான் பேசினான். நல்ல பையன், ஐயா. அவன்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குச் சொந்தபந்தம் நடுவில் நான் எந்த முகத்தோடு நிற்பது? மறுத்திருந்தால் இரண்டு பேரும் ஊரைவிட்டே போயிருப்பார்கள்.

"ஆவணியில வச்சுக்கிருவோம்" என்றேன். அண்ணாச்சி என்று வந்தவன் மாமா என்று சொல்லிவிட்டுப் போனான்.

கல்யாணத்துக்கென்று ஒரு கோட்டும் எடுத்துக்கொடுத்தேன். சாம்பல் நிறக் கம்பளி, உள்ளே மெரூன் லைனிங். மூட்டை பிரித்தபோதே கீர்த்திகா அவனுக்காகத் தனியே எடுத்து வைத்திருந்தது. தோள் அவனுக்கென்றே அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. லைனிங் மட்டும் அக்குளில் விட்டிருந்தது. அதை முழுக்கப் பிரித்தெடுத்துவிட்டுச் சாம்பல் நிறப் பருத்தி லைனிங் வைத்தேன். பிரித்த மெரூன் துணியில் ஒரு நூலை உருவிப் பார்த்தேன். மணியாக நின்றது.

மருந்து அறையில் பருத்தி தவிர வேறு துணி கூடாது. பாலியஸ்டர் உரசினால் கண்ணுக்குத் தெரியாத பொறி வரும். கோடை வறட்சியில் அது போதும். இந்தப் பக்கத்தில் இது தெரியாதவர் இல்லை. வாசலில் சட்டையைத் தொட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள்.

நான் அவனுக்கு வேலைச் சட்டை இரண்டு தைத்தேன். வெளியே பருத்தி, உள்ளே பருத்தி, நடுவில் அந்த மெரூன் துணி.

"கனமா இருக்கே மாமா. பருத்திதான?"

"பருத்திதாம்லே. மருந்து மேல படாம இருக்க ரெட்டையா வச்சிருக்கேன்."

அந்த ஒரு பொய்தான் அவனிடம் சொன்னேன்.

ஒன்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப வாங்கிவிடலாமா என்றுகூட ஒருநாள் நினைத்தேன். கேட்க வாய் வரவில்லை. பத்தாம் நாள் காலை பதினொரு மணிக்குப் போன் வந்தது. ஒருவருக்குக் கால்சட்டை அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அதை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அவன் அம்மா முருகம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க தச்ச சட்டையத்தான் அண்ணாச்சி ஆசையாப் போட்டுட்டுப் போனான்" என்று அழுதாள். நானும் அழுதேன்.

கோட்டைக் கீர்த்திகா எடுத்துக்கொண்டாள். வைகாசி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள். வேர்வை வழியும், கழற்றமாட்டாள். அவள் உடம்புக்கு அது ரொம்பப் பெரிது. ஆனால் மிஷினிலிருந்து நிமிர்ந்து பார்க்கும்போது சில நேரம் தோள் சரியாகப் பொருந்தியிருக்கும். அகலமாக, ஒரு ஆம்பிளைத் தோளாக இருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பேன். நூல் உருகுகிற வாடை வேறு. கடையில் வரும், சாப்பிடும்போது சோற்றில் வரும். அப்போதிலிருந்து ஊசியில் நூல் கோர்க்க எனக்குக் கை வருவதில்லை.

ஒருநாள் அவள் கோட்டின் உட்புறத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள். "இதுல மெரூன் லைனிங்குல்ல இருந்துச்சு. அது எங்கப்பா?"

"கிழிஞ்சு போச்சும்மா."

மறுநாள் ஆமத்தூருக்குப் போய், முருகம்மாளிடமிருந்த இரண்டாவது சட்டையை வாங்கி வந்தாள். என் கத்தரியாலேயே என் முன்னால் பிரித்தாள். நடுவிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினாள். அந்தக் கறுப்பு மணியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

நான் எதையும் மறுக்கவில்லை. சட்டை தைத்தது நான். என்ன நடக்கும் என்று தெரிந்தே தைத்தேன். பாண்டிராஜைக் கொன்றது நான்தான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு தப்பு இருக்கிறது, ஐயா. நாலு பேரைக் கொன்றதாக இருக்கிறது. நாகையா, மூக்கம்மாள், செல்லத்தாய் என்று பக்கத்து அறைக்காரர்கள் பெயரையும் என் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். அதைத் திருத்திவிடுங்கள். அவர்களுக்கு நான் எதுவும் தைத்துக் கொடுக்கவில்லை.