மச்சம் இருந்த இடம்

செவ்வாப்பேட்டையில் ரயில் நின்றபோது, எதிரே இருந்தவர் மனைவியிடம் சொன்னார்: "இன்னிக்கு என் மச்சத்த திருப்பிக் கேக்கப்போறேன்."

மடியில் பிளாஸ்டிக் பை. பட்டாளத்தில் ஊனமானவர்களுக்கான பென்ஷன் கேட்டு, இரண்டாவது அப்பீலுக்குப் போகிறார்.

"மறுபடியும் இல்லன்னுட்டா?"

"எப்டி சொல்லுவான்? தோள்ல கீற தீத்தழும்பு, பட்டாளத்துல சேர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சுன்னுதான போன தபா இல்லன்னான்? நான் சேர்றப்போ அங்க அடையாளம் இன்னான்னு எழுதிகீறான், படி."

மனைவி பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கண்ணருகே பிடித்தாள். "வலது தோள்ல மச்சம்."

"தழும்புன்னு ஒரு வார்த்த கீதா? பட்டாளத்து லாரி எரிஞ்சப்போ மச்சமும் சேந்து வெந்துபோச்சு."

"போன தபா டாக்டரு பாக்கலியா?"

"சட்டையக்கூட கழட்டச் சொல்லல. குனிஞ்சு எழுதிக்கினே அடுத்த ஆள கூப்ட்டாரு."

"இந்த தபா?"

"நானே கழட்டுவேன். நீங்க எழுதின மச்சம் எங்கன்னு தேடிக் காட்டுங்கம்பேன். காட்டற வரைக்கும் சட்ட போடமாட்டேன்."

"போட்டுக்கினு கெளம்புன்னு மெரட்டுனா?"

கேட்ட கையோடு அவளே பதிலும் சொன்னாள்:

"சட்ட என் கையிலதான இருக்கும்? நான் குடுத்தாதான போடுவ."